பதினேழு ஈரச் சட்டைகள்

வியாழன் இரவு பத்துக்கு
டிரையர் உறுமியது, உருளவில்லை.
உள்ளே பதினேழு ஹாக்கிச் சட்டைகள்,
ஒன்பது வயதுக்காரர்களின் வியர்வை இன்னும் முழுதாய்ப் போகாதவை.
சனிக்கிழமை காலை ஏழுக்கு ஆட்டம்.

என் மகன் ஒன்னி
நவம்பரிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டான்.
துவைப்போர் பட்டியலில் என் பெயரை அடிக்க
யாருக்கும் நினைவில்லை.
நானும் நினைவூட்டவில்லை.

தண்டர் பேயில் அன்று
உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.
ஒரு சட்டையைக் கொடியில் போட்டுப் பார்த்தேன்.
கால்மணியில் பலகையானது.
எடுத்துச் சாத்தினால்
கைகளை விரித்தபடி
கராஜ் சுவரில் நின்றது,
கோல் காக்க வந்த ஆள் போல.

போன மாதம் கீச்சிட்டபோது
பெல்ட்டைச் சந்தேகித்து
இருபத்தெட்டு டாலர் தண்டம் அழுதவள் நான்.
இந்த முறை அவசரப்படவில்லை.
கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ரெயாலை எழுப்பினேன்.
கதவுச் சுவிட்சை அவர் கட்டைவிரல் அழுத்தி
மூடியிருப்பதாக மெஷினை நம்பவைக்க,
ஸ்டார்ட்டைப் பிடித்துக்கொண்டு
டிரம்மை ஒரு தள்ளு.

ஓடியது!
"தள்ளினால் ஓடுமென்றால்
தள்ளிக்கொண்டே இருக்கலாமே, கைசா."
இரண்டு முறை தள்ளினோம்.
மூன்றாம் முறை கருகல் வாடை.
சுவரிலிருந்து அந்தக் கொழுத்த பிளக்கைப் பிடுங்கினேன்.

மீட்டர் வைத்தேன்.
ஓட்டும் சுருள் இரண்டு ஓம் என்றது.
கிளப்பிவிடும் சுருளோ
எதுவும் சொல்லவில்லை:
திரையின் இடது ஓரத்தில்
தனியாய் ஒரு ஒன்று.

வெள்ளி மதியம்
ரயில்பாதையோரம் ஒரெஸ்ட் கடை.
நாற்பத்தைந்து டாலர்.
"ஓடின மோட்டார்தான்.
எவ்வளவு ஓடியது என்று கேட்காதே."
கேட்கவில்லை.

இரவு
மேல்மூடியைக் கத்தியால் நெம்பி,
முன்தகட்டைக் கழற்றி,
டிரம்மைக் கட்டிப்பிடித்து வெளியே இறக்கினால்
நிற்க இடமில்லை.
ரெயாலுக்கு டார்ச் பிடிக்கும் வேலை.
உறைந்த ஏரியில் தான் போட்டிருக்கும்
மீன்குடிசையைப் பற்றிப் பேசுவார்.
பேச்சு போகும் பக்கமெல்லாம் வெளிச்சமும் போகும்.
"இங்கே" என்பேன்.
வரும், கொஞ்சம் நிற்கும்,
மறுபடி ஏரிக்குப் போய்விடும்.

அடித்தட்டில் மெத்தையாய்ப் பஞ்சுத்தூசி.
அதற்குள் ஒரு இரண்டு டாலர் நாணயம்,
பென்சில் துண்டு,
ஓரம் உருகிச் சுருண்ட பல்கவசம்.
பதிந்திருந்த வரிசையில்
முன்னால் ஒரு பல்லின் சந்து.
பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

காற்றாடிச் சக்கரத்தில்தான் மாட்டினேன்.
இடம் திருப்பினால் கழலும் என்பது
நான் அறிந்த திருகுகளுக்கெல்லாம் பொது.
இதுவோ ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாதென்று
மறையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள்.
தெரியாமல்,
இடுக்கியால் பிடித்து, மூச்சடக்கி,
இடப்பக்கமாய் ஒரே திருகு.
டக்.
சக்கரத்தின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு.
வெளிச்சம் அப்போது ஏரியில் இருந்தது.
நானும் சொல்லவில்லை.
குழாய்க்குப் போடும் கிளாம்ப்பை
வெடிப்பின்மேல் இறுக்கி
வலப்பக்கமாய்த் திருப்பினேன்.
அடடா, வெண்ணெய்.

ஒன்றரை மணிக்கு
பிளக்கைச் செருகினேன்.
உறுமல் இல்லை. உருண்டது.
டார்ச்சை அணைக்காமலே ரெயால் கைதட்டினார்,
கூரையெல்லாம் வெளிச்சம் குதித்தது.

மூன்று மணிக்கு மடித்தேன்.
நாலாம் எண், ஒன்பதாம் எண்,
கோல்காரனுடைய முப்பத்தொன்று.
பதினேழாவது, இருபத்திரண்டு,
இப்போது யாரும் போடுவதில்லை.
வாராவாரம் அதுவும் பையில் வருகிறது,
அதையும் துவைக்கிறேன்.

சூடாக இருந்தது.
ஒன்னியின் அறைக்குள் போய்
தூங்குகிறவன் கால்மேல் போர்த்தினேன்.
ஆறு மணிக்கு,
ஆறிய பிறகு,
எடுத்துப் பையில் வைத்தேன்.